எண்ணெய் போடாத சக்கரம்

"வேணும்னேதான் பண்றான்!" போர்வைக்குள்ளிருந்தே பல்லைக் கடித்தார் திம்மராயன்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. வேலிக்கு அப்பால் சென்னகிருஷ்ணனின் கவலைச் சக்கரம் கிறீச்சிட்டது. மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவன், சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?

"தை மாசத்திலிருந்து இதே கூத்து. நம்ம புள்ளை தூக்கம் கெட்டு, பரீட்சையில தவறணும். அதான் அவனுக்கு ஆசை."

"அந்தச் சத்தம் இருக்கே..." என்று ஆரம்பித்தாள் மனைவி நஞ்சம்மா.

"அந்த வீட்டுப் பேச்சு இங்க வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வேலியோரத்து ஒரு முழ நிலத்துக்காக வந்த சண்டை. ஒன்பது வருஷமாகத் திம்மராயன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சொந்த வயலுக்கே ஊரைச் சுற்றித்தான் போவார்.

மகள் முனிலட்சுமி போன வருஷம் எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தவறிவிட்டாள். புத்தகத்தைப் பிரித்தால் சாயங்காலமே தூங்கி விழுவாள். இந்தத் தடவையும் தவறினால் படிப்பு அவ்வளவுதான். பாரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் தையிலிருந்து பெண் மாறிவிட்டாள். இருட்டோடு எழுந்து, முகம் கழுவி, விளக்கை ஏற்றி, ஒரே பாடத்தை மூன்று தரம் வாய்விட்டுப் படிப்பாள்.

"பார்த்தியா, யாரும் எழுப்பாம தானா எந்திரிக்குது. என் ரத்தம்டி!" என்பார் திம்மராயன்.

அவள் குரலைக் கேட்டபடியே மறுபடி கண்ணயர்வார். கனவில் ஒரு வண்டி பனிக்குள் மலையேறும். மகள் அதில் உட்கார்ந்து படித்துக்கொண்டே மேகத்துக்குள் போவாள். சக்கரம் மட்டும் கிறீச் கிறீச்சென்று கனவைக் கெடுக்கும்.

மறுநாள் ஓசூரில் பரீட்சை. விடிகாலையில் ஒரே ஒரு பஸ்.

அன்று பொழுது சாய்ந்ததும் திம்மராயன் விளக்கெண்ணெய்ச் சீசாவோடு வேலிக்குள் நுழைந்தார். குனிந்த தலை நிமிராமல் போய், சக்கரத்தின் அச்சில் முழுச் சீசாவையும் கவிழ்த்துவிட்டு வந்தார். நாளைக்கு ஒரு நாளாவது புள்ளை நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கட்டும்.

விடியற்காலைக் கனவில் வண்டி சத்தமே இல்லாமல் வந்தது. பனியில் மிதந்தது. மகள் புத்தகத்தின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். என்ன அழகு என்று நினைத்தார்.

"முனிலட்சுமி! ஏ கண்ணு முனிலட்சுமி!"

இது கனவுக் குரல் இல்லை. ஒன்பது வருஷமாக அவர் வாசலுக்கு வராத குரல்.

"ஜன்னல்ல வெளிச்சமே காணோமே! எந்திரி கண்ணு, பஸ் வந்துரும்! எந்தப் புண்ணியவான் எண்ணெய் விட்டானோ, இன்னைக்குன்னு பார்த்துச் சக்கரம் ஊமையாப் போச்சு!"

முனிலட்சுமி அலறிப் புடைத்து எழுந்தாள்.

"ஐயோ, சத்தம் கேக்கலியே நைனா!"

தலையை வாரியும் வாராமலும் ஓடினாள். சாலையில் பஸ் விளக்கு தெரிந்தது, நின்றது, அவளை ஏற்றிக்கொண்டு பனிக்குள் மறைந்தது.

திம்மராயன் வேலியோரம் வந்து நின்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, வெளிச்சத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்.

கேழ்வரகு தைக்கு முன்பே அறுத்தாகியிருந்தது. வயல் நெடுக வெறும் காய்ந்த தாள். தண்ணீர் கேட்க அங்கே ஒரு பயிரும் இல்லை.

சென்னகிருஷ்ணன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிற்றின் நுனியில், தண்ணீர் மொள்ளும் சால் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கல் கட்டியிருந்தது.