நூற்றுப் பன்னிரண்டு பேரும் நலம்

"ஞானசேகரன் சார், தப்பா நினைக்காதீங்க. இதையெல்லாம் நீங்களே உட்கார்ந்து நிரப்பிட்டீங்களா?"

பேராசிரியை வீணா படிவக் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

ஞானசேகரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. மின்சாதனக் கம்பெனி ஒன்றில் சீனியர் மேனேஜர். சனிக்கிழமை வகுப்புகளுக்கு வந்து நிர்வாகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். வழிகாட்டியான வீணா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"இல்லை மேடம். ஞாயித்துக்கிழமைல நானே வீடு வீடாப் போய் வாங்கினது."

"வேலை போய் மூணு வருஷம் ஆகுது. நூத்துப் பன்னிரண்டு பேருமே சந்தோஷமா இருக்காங்களா? எல்லாக் கேள்விக்கும் எல்லாருமே அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டிருக்காங்களே. சொல்லாம கொள்ளாம ஒரு தடவை போய்ப் பாருங்க."

1999-இல் கம்பெனியின் வைட்ஃபீல்ட் ஃபேக்டரியை மூடியபோது, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியவர் ஞானசேகரன்தான். அந்தத் தொழிலாளர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"வீட்டுக்கு அனுப்பினதும் இவரு. அதை எழுதி டாக்டர் ஆகப் போறதும் இவரு" என்று ஆபீசில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குப் பிடித்திருந்தன. ஈஜிபுரா சந்துகளிலும் காக்ஸ் டவுனிலும் போகிற வீட்டிலெல்லாம் காபி. புதன்கிழமை கேன்டீனில் போடும் பிசிபேளா பாத், ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்கெல்லாம் மாலை, சங்கு ஊதும் முன்பே கம்பெனி பஸ்ஸில் கர்ச்சீஃப் போட்டு இடம் பிடித்தது என்று பேசிப் பேசிச் சிரிப்பார்கள். கடைசியில் படிவத்தை வாங்கி, சட்டென்று நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, ஈஜிபுராவில் ஃபிட்டர் வெங்கடசாமி வீட்டுக்குப் போனார். அவர் மனைவி மங்களம் கதவைத் திறந்தாள்.

"அவரு டியூட்டிக்குப் போயிருக்காரு சார்."

"டியூட்டியா? சொந்தமா எலெக்ட்ரிகல் கடை வச்சிருக்கறதா எழுதியிருந்தாரே?"



"அதை மூடி ரெண்டு வருஷமாச்சு சார். உங்ககிட்ட சொல்லலையா? நம்ம ஃபேக்டரி இருந்த இடத்துல கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டியிருக்காங்களே, அங்கதான் செக்யூரிட்டி."

ஞானசேகரன் நேராக வைட்ஃபீல்டுக்குக் காரை விட்டார். பழைய ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம். கேட்டில் நீலச் சட்டை போட்ட காவலாளி சல்யூட் அடித்து, வண்டி நம்பரை எழுதக் குனிந்தார். நிமிர்ந்தபோதுதான் உள்ளே இருந்தவரைப் பார்த்தார்.

"சார்..." என்றார் வெங்கடசாமி. பிறகு, பழைய ஃபேக்டரிப் பழக்கத்தில், "ஊட்டா ஆச்சா சார்?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்தார்.

ஞானசேகரன் இறங்கி வந்தார்.

"ஏன் வெங்கடசாமி பொய் எழுதினீங்க?"

வெங்கடசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் மட்டும் இல்ல சார். லேத் மெஷின் நாகேஷ் வீட்டுல எல்லாரும் கூடிப் பேசித்தான் எழுதினோம். மொத நாள் நீங்க ஃபார்மோட வந்தப்போ எங்க மூஞ்சியையே பார்க்கல, காகிதத்தைப் பார்த்துத்தான் பேசினீங்க. கேன்டீன் லட்சுமம்மாதான் சொல்லிச்சு, 'இந்த மனுஷன் பட்டத்துக்காக வரல, நாம நல்லா இருக்கோமான்னு தெரியாம தூக்கம் வராம வந்திருக்காரு'ன்னு. சரி, நல்லா இருக்கோம்னே எழுதிடலாம், அவராவது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டோம்."



"இப்போ நம்ம கம்பெனியோட பொம்மசந்திரா யூனிட்டையும் மூடணும்னு பேச்சு இருக்கு" என்றார் ஞானசேகரன். "என் ஆராய்ச்சியைத்தான் ஹெட் ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. நீங்கல்லாம் சந்தோஷமா இருக்கீங்கன்னு நான் எழுதிக் கொடுத்தா, அவங்களையும் இதே மாதிரி அனுப்பிடுவாங்க."

"அங்க எத்தனை பேரு சார்?"

"இருநூத்தி நாப்பது."

வெங்கடசாமி கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"புது ஃபார்ம் இருக்கா சார்?"

நூற்றுப் பன்னிரண்டு பேரும் மறுபடி எழுதினார்கள். மகனின் காலேஜ் படிப்பை நிறுத்தியதை ஒருவர் எழுதினார். வேலை போனதைச் சம்பந்தி வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று இன்னொருவர் எழுதினார். அறிக்கையைப் படித்த ஹெட் ஆபீசில் யாரும் ஞானசேகரனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பொம்மசந்திரா யூனிட்டை மூடவில்லை. 2004-இல் அவருக்குப் பட்டம் கிடைத்தது.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி யார் கேட்டாலும், அவருக்கு முதலில் ஞாபகம் வருவது கேட் ஓரத்தில் நின்ற அந்த அரை மணி நேரம்தான்.

அன்று வெங்கடசாமி விசிட்டர் ரிஜிஸ்டர் மேலேயே புதுப் படிவத்தை வைத்து, வருமானம், உடல்நலம், குடும்பம் என்று ஒவ்வொன்றுக்கும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டு வந்தார். 'வேலையிலிருந்து அனுப்பியபோது மேலதிகாரி உங்களை நடத்திய விதம்' என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் ஐந்து போட்டார்.

"இனிமே எனக்காகப் பார்க்காதீங்க வெங்கடசாமி. இதையும் உள்ளபடியே போடுங்க" என்றார் ஞானசேகரன்.

வெங்கடசாமி பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"போன தடவையும் இந்த ஒண்ணை மட்டும் உள்ளபடிதான் போட்டேன் சார்."