வயர் இல்லாத குழாய்

"கிற்றாரும் ஒரு வாத்தியமோ?" என்று ஏளனம் செய்த மாமனாருக்கு வாசித்துக் காட்டவே, கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை செல்வநாயகம் பந்தலில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். விரல் தந்தியில் பட்டதும் ஒலிபெருக்கிக் குழாய் ஊளையிட்டது. கோப்பாய்க் கிணற்றுத் தவளைகள் எல்லாம் துள்ளி வெளியே விழுந்தன.

"உமக்கு மைக் பிடிக்கத் தெரியுமோ, இல்லை மாடு பிடிக்கத்தான் தெரியுமோ?" என்று பாய்ந்தார் மாப்பிள்ளை.

ஏச்சு வாங்கிய மைக்காரர் ஏரம்பு குழாயை மறுபக்கம் திருப்பினார். ஊளை நிற்கவில்லை. கிற்றாரின் துவாரத்துக்குள் தன் சால்வையை அடைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. குழாயைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஒழுங்கைப் பாதையோரப் பனைமரத்தில் கட்டினார். அங்கேயும் அதே ஊளை.

செல்வநாயகம் பாய்ந்துபோய்ப் பற்றரி வயர்களை எல்லாம் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். ஊளை நின்றது.

"இனி உம்மடை சாமான் எனக்கு வேண்டாம். சும்மா வாசிக்கிறன்!"

திரும்பி வந்து உட்கார்ந்தார். விரல் தந்தியைத் தொட முன்னரே, அவர் வாசிக்க இருந்த பாட்டு பனையிலிருந்து பிசகில்லாமல் கேட்டது.

மாமனார் கண்ணை மூடித் தலையாட்டினார். "அருமை, தம்பி, அருமை!"

செல்வநாயகத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து, உண்மையைக் கத்திச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பனையிலிருந்த குழாய் அவருடைய குரலிலேயே, அவருடைய கோபத்தோடேயே கத்தியது:

"மாமா, உது நான் இல்லை!"