ருசி பாருங்க அத்தை

"அத்தை, இந்த சிகேயில இனிப்பு போதுமான்னு பாருங்களேன்!"

மருமகள் சோன்ஹ்வா கிண்ணத்தை நீட்டினாள். ஓக்பூனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பதானே பார்த்துச் சொன்னேன்! கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு. அரிசியில காய்ச்சுற பானத்துக்கு எவ்வளவு சர்க்கரைன்னு தெரியலையா உனக்கு?"

"தெரியலையே அத்தை."

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசோக்கின் காலை. படையல் தயார். சியோலிலிருந்து வரும் சின்ன மகனின் கார்தான் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவன் வராமல் முன்னோருக்குப் படைக்க முடியாது. படைக்காமல் யாரும் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. அதில் மற்ற எல்லோரையும்விடக் கறாராக இருப்பவள் ஓக்பூன்தான். ருசி பார்ப்பது மட்டும் விதிவிலக்கு; வீட்டுக்கு மூத்தவள் என்பதால் அது அவள் பொறுப்பு.

ஓக்பூனின் ஓரகத்தி மல்ஜா உதட்டைப் பிதுக்கினாள்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து படையலை இவகிட்டதான் ஒப்படைக்கப் போறீங்களாக்கா? முன்னோரெல்லாம் பட்டினிதான்!"

ஓக்பூனுக்கு மானம் போயிற்று. கிண்ணத்தைப் பிடுங்கி, மடமடவென்று குடித்துக் கவிழ்த்துக் காட்டினாள்.

"தேனா இனிக்குது! போதுமா?"

"அப்ப இந்தக் கொழுக்கட்டைப் பூரணம், அத்தை..."

"அதுவுமா!" ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, என் தலையெழுத்துதான் நல்லா இல்ல!" என்று மகனுக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனாள்.

மல்ஜா திரும்பினாள். "உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்காடி? படையல் பொறுப்பை உன் கொழுந்தன் பொண்டாட்டிக்கே கொடுத்துடலாம்னு நானே சொல்லப் போறேன்!"

சோன்ஹ்வா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தாராளமா சொல்லுங்க சின்ன அத்தை. அத்தை விடிஞ்சதுமே வழக்கம்போல சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டாங்க. அதைப் போட்டுட்டு வயித்தைக் காயப்போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். முள்ளங்கி நறுக்கும்போதே கை நடுங்குச்சு. சாப்பிடுங்கன்னு கெஞ்சினா உயிரே போனாலும் கேக்க மாட்டாங்க. என்மேல கோபம் வந்தாத்தான் முழுக் கிண்ணமும் உள்ளே போகுது."



வாசலிலிருந்து ஓக்பூன் கத்தினாள்: "கார் வர இன்னும் ஒரு மணி நேரமாகுமாம்!"

மல்ஜா பானையைத் திறந்து, கிண்ணம் நிறைய சிகேயை மொண்டாள்.

"அக்கா! இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன். என் நாக்குக்கும் ஒண்ணும் தெரியல!"