ஆறடிக் குழியின் குரல்

லவெல் ஹெட்போனைக் கழற்றித் திரும்புவதற்குள் ஹோரஸின் முதுகில் மைக் ஸ்டாண்டு உடைந்திருந்தது.

மைக் ஸ்டாண்டு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துடைப்பக் கட்டை. அதன் தலையில் டேப் சுற்றி மைக்கைக் கட்டியிருந்தான் லவெல்.

மீதிக் கட்டையால் வடக்கு மெம்பிஸ் ரவுடி டெவரோ இன்னொரு முறை அடித்தான். கூட வந்தவன் துப்பாக்கியோடு, லவெல் பாட்டுப் பதிவு செய்கிற கார் கொட்டகையின் கதவில் சாய்ந்து நின்றான். வெளியே நல்ல வெயில். மத்தியானம் தின்றுபோட்ட பன்றி விலா எலும்புகள் காகிதத்தோடு மிதிபட்டன.

"கோர்ட்ல நான் அழுதேனா? அம்மா அம்மான்னு கத்தினேனா? எங்க, இப்பப் பாடுடா என் முன்னாடி!"

டெவரோவின் இடது கையில் ஒரு கேசட் இருந்தது. அட்டையில் லவெலின் கோணல் எழுத்து: ஆறடிக் குழி.

கார் ஸ்டீரியோ கடையில் கல்லாவுக்கு அடியில் வைத்து விற்ற கேசட். தங்கள் பேட்டையான ஆரஞ்ச் மவுண்ட் தாண்டி வடக்கு மெம்பிஸ் வரை போய்விட்டது என்று போன வாரம்தான் லவெல் கூத்தாடியிருந்தான். இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

அந்தக் கேசட்டில் ஆறடிக் குழி என்ற பெயரில் பாடுகிறவனுக்குப் பாதாளத்துக் குரல். கேட்டவர்கள் எல்லாரும் ஹோரஸ் மாதிரி ஓர் ஆளைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். கதவை அடைக்கிற உடம்பு, தொண்டைக்குள் லாரி இன்ஜின்.

நிஜமான ஆறடிக் குழி லவெல்தான். உயரம் ஐந்தடிக்கு மேல் கொஞ்சம்தான். போனை எடுத்து ஹலோ என்றால் எதிர்முனையில், "அம்மாகிட்ட குடு பாப்பா" என்பார்கள்.

பாட்டில் அவன் கொன்று போட்டவர்களைப் புதைக்க ஊரில் இடம் காணாது. கொட்டகைக்குள் கரப்பான் பூச்சி வந்தால், பெரியம்மா மகன் ஹோரஸைத்தான் கூப்பிடுவான்.

ஹோரஸ் இப்போது கீழே கிடந்தான். 'அது நான் இல்லை' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. அடி வாங்குகிறவனுக்குப் பேச ஏது நேரம் என்று லவெல் நினைத்துக்கொண்டான்.

டெவரோவின் பூட்ஸ் விலாவில் இறங்கியது.

புதுப் பாட்டில் எலும்பு முறிகிற சத்தத்துக்காகப் போன வாரம் லவெல் மைக் முன்னால் ஒரு கட்டு கேரட்டை ஒடித்திருந்தான். நிஜ எலும்பு அப்படி ஒடியவில்லை. பெரிய சத்தமே இல்லை. ஹோரஸ் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை.

டெவரோ பின்னால் கையை நீட்டினான். துப்பாக்கி கைமாறியது. ஹோரஸின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, குழலை வாய்க்குள் திணித்தான்.

"இந்த வாய்தானே?"

"அது நான்தான்ணே," என்றான் லவெல்.

சொன்ன குரலைக் கேட்டு, கதவருகே நின்றவன் சிரித்தே விட்டான். "ஓரமாப் போ குட்டி. உன் முறை வர்றப்போ பால் வாங்கித் தர்றேன்."

லவெல் அந்தப் பாட்டின் முதல் நாலு வரியைப் பாடிக் காட்டினான். அந்தக் கீச்சுக் குரலில் தாளம் மட்டும்தான் சரியாக விழுந்தது. கதவருகே நின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

டெவரோ சிரிக்கவில்லை. குழலை இன்னும் உள்ளே தள்ளினான். ஹோரஸின் பல்லில் இரும்பு இடித்தது.

லவெல் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கினான்.

பாதாளம் பாட ஆரம்பித்தது. வடக்கு மெம்பிஸ் டெவரோ, நீதிபதி முன்னால் அம்மாவைத் தேடி அழுத டெவரோ. டெவரோவின் ஆள்காட்டி விரல் துப்பாக்கி விசையில் இறுகுவதை லவெல் பார்த்தான்.

அந்த ரெக்கார்டரில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. டேப்பின் வேகத்தைக் கூட்டி வைத்துப் பாடுவான். பிறகு குறைத்து ஓடவிடுவான். கீச்சுக் குரல் பேய்க் குரலாகிவிடும். தொழில் ரகசியம் என்று அவனிடம் இருந்ததே அது ஒன்றுதான். ஹோரஸைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அப்புறம் ஆறடிக் குழியை ஊரில் எந்த நாயும் மதிக்காது.

குமிழைத் திருகினான்.

பேய்க்கு வயது குறைந்தது. டிரம் தகர டப்பா போலக் கடகடத்து ஓட, குரல் குழியை விட்டு மேலே மேலே ஏறி வந்தது. கடைசியில், கொட்டகை நடுவே சற்றுமுன் பாடிய அதே கீச்சுக் குரல், டெவரோ கோர்ட்டில் அழுத கதையைப் பாடியது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டெவரோ குழலை உருவி எடுத்தான். ஹோரஸின் தலை தொப்பென்று தரையில் விழுந்தது.

"இந்தக் கொசுவுக்கா நான் ரெண்டு வாரம் ஊர்ல தலை குனிஞ்சு நடந்தேன்!"

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, பின்கட்டையால் லவெலின் வாயில் ஒரே இடி இடித்தான். ரெக்கார்டரில் இருந்த டேப்பைக் குடலை உருவுவது போல உருவிப் பையில் போட்டுக்கொண்டு போனான். காரின் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது.

லவெல் தவழ்ந்து வந்து ஹோரஸின் பக்கத்தில் படுத்தான். ஹோரஸின் கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. காதிலிருந்து ரத்தம் வந்தது.

சட்டையை வாயில் அழுத்திக்கொண்டு லவெல் குழறிக் கேட்டான்: "ஏன்டா எருமை, நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

ஹோரஸ் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினான்.

"நீ ஹெட்போன் மாட்டியிருந்த. கதவைத் தட்டி, ஆறடிக் குழி யாருன்னு கேட்டானுங்க. நான்தான்னேன்."

ரத்தத்தைத் துப்பிவிட்டு, "உனக்குப் பாட வாய் வேணும்ல," என்றான்.

லவெல் உள்ளங்கையைப் பார்த்தான். முன்பல் மூன்று.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" கண் திறக்க முடியாமல் ஹோரஸ் கேட்டான்.

லவெல் கையை இறுக மூடிக்கொண்டான். பல் இல்லாமலும் சரியாக வரக்கூடிய ஒரு சொல்லைத் தேடினான்.

"ம்ஹூம்," என்றான்.