நாற்பது நிமிடக் கடல்

கடற்கரையில் நாற்பது நிமிடம்தான் என்று பேருந்து ஓட்டுநர் சொல்லியிருந்தார். எதற்கு எத்தனை நிமிடம் என்று சென்னியப்பன் வீட்டிலேயே தாளில் எழுதி வந்திருந்தார். சக்கர நாற்காலி மணலில் புதையும் என்பதை மட்டும் எழுதவில்லை. அதோடு மல்லுக்கட்டியதிலேயே பாதி நேரம் போனது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் மனைவி வேலாத்தாள், சேலையை இழுத்துச் செருகி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கினாள்.

“எல்லாரும் பாக்கறாங்க புள்ள. எறக்கியுடு.”

“பாக்கட்டுமுங்க. ஆலை மூட்டையில பாதிகூட இல்லீங்க நீங்க.”

நடக்க மறந்த அவர் பாதங்களில் நுரை ஏறியது. பேருந்து ஹாரன் அடித்தது. கரையே திரும்பிப் பார்த்தது. சென்னியப்பன் யானைமேல் அமர்ந்தவர்போல முதுகை நிமிர்த்தினார்.

“இன்னும் நாலெட்டு உள்ள போ புள்ள.”