ஒரு நாளில் முந்நூறு வேளை

பல்லை நேராக்க முத்துப்பேச்சி போட்டிருந்த கண்ணாடி போன்ற உறை, நேற்று அவள் முந்நூறு முறை சாப்பிட்டதாக மருத்துவமனைக்குத் தெரிவித்திருந்தது.

"முந்நூறு வேளை தின்னா நான் பஸ்சுக்குள்ள நுழைய முடியுமா டாக்டர்?"

டாக்டர் ஜெபராணி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் இப்படிப் பதிவானால் உறை சிகிச்சையைத் தானே நிறுத்திவிடும் என்றார்.

பல் எதைக் கடித்தாலும் உறை அதைச் சாப்பாடு என்றே எண்ணும்; அவள் கடித்தது விசிலை. தென்காசி வழித்தடத்தில் அவள் நடத்துநர். ஓட்டுநர் இல்லாத அந்தப் பேருந்து அவளுடைய விசிலுக்குத்தான் நிற்கும், கிளம்பும். இரண்டு கையிலும் வேலை இருப்பதால் விசில் எப்போதும் பல்லில்தான் இருக்கும்.

"சிகிச்சையில சேரும்போதே சொல்லியிருக்கணும்லா?"

"காப்பி குடிப்பியா, வெத்தலை போடுவியான்னு உங்க மிஷின் கேட்டுச்சு. என்ன வேலை பாக்கேன்னு கேக்கலையே."

"விசிலை விடணும், இல்லன்னா இதை விடணும்."

கோணல் பற்கள் கன்னத்தைக் கிழிப்பதால் மூன்று வருடமாக அவள் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறாள்.

"அந்தக் காலத்துக் கம்பி இருக்குல்லா, அதைக் கட்டுங்க."

"இப்ப யாரும் போடுறதில்லையே. பளிச்சுனு தெரியும். வலிக்கும். ஒரு வருஷம் கூடுதலா ஆகும்."

"விசில் ஊதலாமா?"

"ஊதலாம். கம்பி கழண்டா வந்து ஒட்டிக்கணும்."

"ஒட்டிக்கிடுதேன். நான் ஊதுறதை அது யார்கிட்டயும் போய்ச் சொல்லாதுல்லா?"

சொல்லாது என்று டாக்டர் தலையாட்டினார். முத்துப்பேச்சி உறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வாயை அகலத் திறந்தாள்.