முருகனுக்குப் பின்னால் ஒரு விளக்கு

ஒரு காரின் பின்சக்கர டயரும், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் எச்சரிக்கை விளக்கும் சிநேகிதர்கள். டயரில் காற்று குறைந்தால் விளக்கு எரிந்து சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு.

அன்று காலை டயரில் ஆணி ஏறிவிட்டது. "காத்து போகுதுடா, சீக்கிரம் சொல்லு!" என்று டயர் கத்தியது. விளக்கு உடனே மஞ்சளாக எரிந்தது.

கார்க்காரர் ஞானசேகரன் குடும்பத்தோடு மலைக்கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விளக்கைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "போன மாசம்தான் புது டயர் போட்டேன். நல்ல காரியத்துக்குப் போறப்ப இது வேற கண்ணை உறுத்துது" என்றவர், ஒரு முருகன் ஸ்டிக்கரை எடுத்து விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

விளக்குக்கு மூச்சே நின்றுவிட்டது.

"சொன்னியா?" என்று டயர் கேட்டது.

"சொன்னேன்டா. என் வாய் மேலயே சாமியை ஒட்டிட்டாரு!"

"அடக் கொடுமையே! மலை ஏறப்போறோம். இன்னும் பலமா எரி!"

விளக்கு உயிரைக் கொடுத்து எரிந்தது. ஸ்டிக்கரைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

"என்னங்க, இங்க பாருங்க!" என்று பக்கத்தில் இருந்த மனைவி வேதவல்லி சிலிர்த்துப்போய்ச் சொன்னாள். "முருகன் தலைக்குப் பின்னால ஒளிவட்டம்!"

கார் மலைப்பாதையின் முதல் வளைவில் திரும்பியது. டயர் பாதி அமுங்கிப்போயிருந்தது. "இப்பவாவது அவருக்குப் புரிஞ்சுதா?" என்று முனகியது.

"இல்லடா" என்றது விளக்கு. "ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் கும்பிடுறாரு!"